குருத்துத்தின்னி

ஊருக்குள் ஒரு செடி இருப்பதாகத் திரை சொன்னது. அங்கே இருக்கவே கூடாத செடி.

"நீங்களே வந்து பாருங்க மேடம். நான் சொன்னா நம்ப மாட்டீங்க," என்றான் சபரீசன்.

கிருபாவதி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஆறாம் மாதம். உட்கார்ந்தால் எழுவது கஷ்டம், எழுந்தால் உட்காருவது கஷ்டம். வயிற்றுக்குள் இருப்பது அவள் அசையும்போதெல்லாம் தானும் ஒரு உதை விட்டு, நானும் வருகிறேன் என்பதுபோல் தெரியப்படுத்தும். கல்யாணமாகி ஒன்பது வருஷம் காத்திருந்து, கோயம்புத்தூர் டாக்டர்கள் எல்லாரும் கையை விரித்த பிறகு, கேட்காமலே வந்த பிள்ளை. அதனால் உதையெல்லாம் அவளுக்கு வெல்லமாக இருந்தது.

திரையில் பனிக்கடவு மலையின் வரைபடம் விரிந்திருந்தது. மேற்கே கரடிச்சோலை. அங்கே சிவப்புப் புள்ளிகள் அம்மை போட்டமாதிரி அப்பிக் கிடந்தன. அது சரிதான், அங்கே இருக்கவேண்டியவைதான். கிழக்கே தேயிலைத் தோட்டங்கள், நடுவில் ஊர். ஊருக்குள், அரசு ஆஸ்பத்திரி வளாகத்தில், ஒற்றைப் புள்ளி.

"இது நேத்துக் காலையில பதிவானதுங்க. ரொம்ப நேரம் அங்கயே இருந்துது. மத்தியானம் பார்த்தா காணோம்."

"காணோம்னா? வேலை முடிஞ்சிருக்கும்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். புள்ளி அணைஞ்சா குருத்து செத்துருச்சுன்னு அர்த்தம், நம்ம பூச்சி வேற செடி பார்த்துப் போயிருச்சுன்னு அர்த்தம். அதுதானே கணக்கு. ஆனா ஆஸ்பத்திரியில அந்தச் செடி எப்படி வந்துச்சுன்னுதான் புரியலைங்க."

"எவனாவது பூ அழகா இருக்குன்னு தொட்டியில வச்சிருப்பான். நம்ம ஆளுங்களைத் தெரியாதா? வேண்டாம்னு சொன்னதைத்தான் வேரோட பிடுங்கிட்டுப் போவாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்புக்குப் பின்னால் சின்னதாக ஒரு வருத்தமும் இருந்தது. அந்தச் செடியைக் கண்டுபிடித்தவள் அவள்தான்.

தேயிலையும் கமேலியா என்ற செடி வகையில் ஒன்றுதான். இதைத் தோட்டத்தில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவர்களுக்குத் தேயிலை தேயிலைதான். நம் பக்கத்து மலைகளில் காட்டுக் கமேலியா கிடையவே கிடையாது என்றுதான் புத்தகங்கள் எல்லாம் அடித்துச் சொல்லிவந்தன. கரடிச்சோலையில் இதே மரத்தைப் பழைய காலத்து ஆட்கள் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு, 'தோட்டத்திலிருந்து தப்பி வளர்ந்த தேயிலை' என்று சீட்டு எழுதி ஒட்டி, பீரோவில் போட்டு மூடிவிட்டார்கள். கிருபாவதிதான் பூவைப் பிரித்து, லென்ஸ் வைத்து, உள்ளே சூல்பையைப் பார்த்தாள். தேயிலைக்கு அங்கே பூனைமயிர் படர்ந்திருக்கும். இதற்கு வழுவழுவென்று மொட்டையாக இருந்தது. ஒரு மயிர் இருப்பதும் இல்லாததும்தான் ஒரு இனத்துக்கும் இன்னொரு இனத்துக்கும் வேலி என்று வெளியாட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அப்புறம் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். தாவரவியல்காரர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. எத்தனை கருவி வந்தாலும் கடைசியில் நாக்கைத்தான் நம்புவார்கள். கசக்கவில்லை. தேயிலையின் அத்தனை மணமும் இருந்தது, அதைவிடக் கூடுதலாக ஒரு இனிப்பும் இருந்தது, கசப்பு மட்டும் துளிகூட இல்லை. காஃபீன் இல்லாத கமேலியா! அன்றைக்குச் சோலைக்குள் தனியாக நின்று ஒரு ஆட்டம் போட்டாள். பார்க்க ஆள் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

தன் பெயரைத் தானே செடிக்கு வைத்துக்கொள்வது அந்த உலகத்தில் மானக்கேடு. ஆகவே சோலையின் பெயரை வைத்தாள். கமேலியா கரடியென்சிஸ்.

பெயர் வைத்து இரண்டு வருஷம்கூடச் சந்தோஷப்பட விடவில்லை. தேயிலையில் கருகல் நோய் பரவியது. கொழுந்து வருவதற்குள் கறுத்துச் சுருண்டது. தோட்டம் தோட்டமாக மூடினார்கள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் அடுப்புப் புகை குறைந்தது. நோய் எங்கிருந்து வருகிறது என்று தேடினால், அவளுடைய செடியில்தான் அது குடியிருந்தது. தனக்கு ஒரு கேடும் இல்லாமல், வருகிறவனுக்கெல்லாம் இடம் கொடுக்கும் சத்திரம்போல. அதை நிரூபித்துக் கட்டுரை எழுதியதும் கிருபாவதிதான். கண்டுபிடித்தவளே காட்டியும் கொடுத்தாள். வேறு என்ன செய்ய முடியும்? தேயிலை போனால் மலையில் யாருக்கும் பிழைப்பில்லை.

அதற்குப் பிறகுதான் மலைப்பயிர்க் காப்பு நிலையம் வந்தது, டைரக்டர் நாச்சியப்பன் வந்தார், அந்தச் செடியை ஒழிக்கக் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் வந்தது. ஆய்வகத்தில் குணம் மாற்றி வளர்த்த பூச்சி. அரசாங்கக் காகிதங்களில் அதற்கு வேறு ஏதோ கம்பீரமான பெயர். தோட்டத்து ஜனங்கள் குருத்துத்தின்னி என்றார்கள். உண்மையில் அது எதையும் தின்பதில்லை. எங்கேயாவது ஒரு இலையில் கடித்துத் துளி நீரை உமிழும். அந்த நீர் சாறோடு கலந்து ஓடி, செடியில் எந்த இடம் வேகமாக வளர்கிறதோ அந்த இடத்தைத் தேடிப் போய்க் கருக்கிவிடும். முற்றிய இலைக்கு ஒன்றும் ஆகாது. குருத்து மட்டும் சாகும். கடிக்கும்போது பூச்சி தன் கூட்டத்தைக் கூப்பிட ஒரு வாசனை விடும். மலையெங்கும் நட்ட கம்பங்களில் இருக்கும் கருவிகள் அதை மோந்துபார்த்துத் திரையில் புள்ளி வைக்கும். கருவிக்கு மூக்கு என்றே பெயர் ஆகிவிட்டது.

பூச்சிக்கு எது அந்தச் செடி, எது தேயிலை என்று யார் சொல்லிக்கொடுப்பது? அதற்குத்தான் கிருபாவதியை வேலைக்கு எடுத்தார்கள். செடிகளை இனம் காண அவர்களிடம் ஒரு வழி உண்டு, கீ என்பார்கள். ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டு, ஆம் என்றால் இந்தப் பக்கம், இல்லை என்றால் அந்தப் பக்கம் என்று போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் பெயர் வந்து நிற்கும். பூச்சிக்குக் கண் இல்லை, மோப்பம் மட்டும்தான். ஆகவே இரண்டே கேள்வியில் கீ எழுதிக் கொடுத்தாள். இனிப்பு மணம் இருக்கிறதா? இல்லையென்றால் விட்டுவிடு. இருந்தால், கசப்பு இருக்கிறதா? இருந்தால் தேயிலை, விட்டுவிடு. இல்லையென்றால் கரடியென்சிஸ். கடி.

அவள் எழுதியதிலேயே அழகான கீ அது. எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

"மேடம்." சபரீசனின் குரல் மாறியிருந்தது. "அந்தப் புள்ளி மறுபடி வந்திருச்சுங்க."

"எங்கே?"

"இங்கதான். நம்ம கட்டடத்துல."

இருவரும் அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். இரும்பு பீரோ, இரண்டு மேசை, சபரீசன் வளர்க்கும் ஒரு கற்றாழை. அதைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் அவன் பார்த்தான்.

"உங்க பையில மாதிரி ஏதாவது வச்சிருக்கீங்களா? காஞ்ச இலை, விதை?"

இருந்தது. காய்ந்த இலை ஒரு டப்பா நிறைய இருந்தது. தினமும் போட்டுக் குடிக்கிற இலை. டீ காபி வேண்டாம், உனக்கு ரத்தம் கம்மி என்று டாக்டர் ஜெயசீலி சொன்னதிலிருந்து அவள் கரடிச்சோலை இலையைத்தான் கொதிக்க வைத்துக் குடித்துவந்தாள். டீ குடித்த திருப்தி, டீயின் கேடு இல்லை. அவளுடைய செடி அவளுக்குச் செய்த ஒரே உபகாரம்.

பையை எடுத்துக்கொண்டுபோய் சபரீசன் ஜீப்பில் வைத்தான். ஜீப்பைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஓடிவந்தான். புள்ளி கட்டடத்திலேயே நின்றது.

"காஞ்ச இலையை அது சீண்டாதுங்க. உசுரோட இருக்கிறதைத்தான் மோந்து பார்க்கும்," என்று மெதுவாகச் சொன்னான்.

நேற்றுக் காலையில் ஆஸ்பத்திரி வளாகத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தது யார் என்று கிருபாவதிக்கு ஞாபகம் வந்துவிட்டது. கர்ப்பிணிகள் வரிசையில், வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில்.

"டேப்லெட்டை எடுத்துக்கிட்டு எங்கூட வா," என்றாள்.

வெளியே வந்து, நிலையத்தின் பெரிய மைதானத்தைக் கடந்து, கடைசி வேலியோரம் போய் நின்றாள். மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. நிற்கச் சொன்ன இடத்தில் சபரீசன் நின்று திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வெகுநேரம் கழித்துத் தலையைத் தூக்கினான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே, அந்த முகத்தைப் பார்த்த உடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வேலிக்குப் போயிருச்சுங்க மேடம். செடி... செடி நடக்குதுங்க."

கிருபாவதி சேலை முந்தானையை விலக்கி மணிக்கட்டைப் பார்த்தாள். சிவப்பாக, ஊசி குத்தினாற்போல் நாலைந்து தடம். கொசு என்று நினைத்திருந்தாள். முழங்கையிலும் இருந்தது. கழுத்திலும் அரித்தது.

"காலேஜ்ல எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு," என்றாள். குரல் வேறு யாருடையதோபோல் கேட்டது. "புதுசா கீ படிக்கிறப்ப கேன்டீன் வடையைக் கொண்டுவந்து வச்சு இனம் காணுவோம். இலை இருக்கா, இல்லை. காம்பு இருக்கா, இல்லை. கடைசியில அந்த வடை ஏதோ ஒரு மலைச்செடின்னு பேர் வந்து நிக்கும். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்போம். ஏன் தெரியுமா? இது செடிதானான்னு கீ கேக்கறதே இல்லை. செடியைத் தவிர வேற எதையும் யாரும் கொண்டுவர மாட்டாங்கன்னு நாங்களே முடிவு பண்ணிக்கறோம்."

"அப்ப உங்க கீயிலயும்..."

"கேக்கலை. நான் அந்தக் கேள்வியை எழுதலை சபரீசன். குடிச்ச இலையோட இனிப்பு மணம் என் உடம்புல இருக்கு, கசப்பு இல்லை. அதோட கணக்குல நான் கரடியென்சிஸ்."

அவன் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "முத்தின இலைக்கு ஒண்ணும் ஆகாதுங்களே மேடம். பெரியவங்க உடம்புக்கு அது சும்மா கொசுக்கடி மாதிரிதான். வேகமா வளர்ற இடத்தைத்தானே அது தேடி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன், அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

கிருபாவதி இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து ஒரு உதை வந்தது. இதுவரை ஒரு உதைக்கும் அவள் அப்படி அழுததில்லை.

டைரக்டர் நாச்சியப்பன் போனில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. கூட்டம் போட்டுப் போட்டே மனசு மரத்துப்போன மனிதர்.

"நீங்க பதட்டப்படாதீங்கம்மா. உடம்புல அந்தக் கசப்பு இல்லாததுதானே பிரச்சினை? ரெண்டு கிளாஸ் ஸ்ட்ராங்கா டீ குடிங்க. பூச்சி உங்களைத் தேயிலைன்னு நெனச்சு விட்டுட்டுப் போயிடும்."

அவளுக்கு இது தோன்றாமல் போனதே என்று இருந்தது. "அந்த இனிப்பு மணம் உடம்பை விட்டுப் போக மாசக்கணக்காகும் சார். அதுவரைக்கும்..."

"அதுவரைக்கும் குடிங்க. ஊரே குடிக்குது."

"சார், திங்கட்கிழமை பூச்சியை எல்லா மலையிலயும் விடறதா இருக்கு. நிறுத்தணும். கீயை மாத்தி எழுதித் தர்றேன்."

"மாத்தினா புதுசா வளர்த்து எடுக்க அடுத்த மழை வந்துடும். அதுக்குள்ள மிச்சம் இருக்கிற தேயிலையும் போயிடும். எத்தனை குடும்பம்னு உங்களுக்குத் தெரியாதா? உங்க ஊர்தானே? அந்த இலையை உலகத்துலயே குடிக்கிற ஒரே ஆள் நீங்கதாம்மா. அதை நிறுத்திட்டா விஷயம் முடிஞ்சுது. இதை வெளியில சொல்லி ஜனங்களைக் கிலி பிடிக்க வைக்க வேண்டாம். சரியா?"

சபரீசன் அதற்குள் கேன்டீனிலிருந்து டீ வாங்கி வந்துவிட்டான். கடும் சாயம், பால் பெயருக்குத்தான். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டே மடமடவென்று குடித்தாள். நாக்கு சுட்டது. இன்னொரு கிளாஸ். அந்தக் கசப்பு தொண்டையில் இறங்கினபோது தெய்வத்தின் பிரசாதம்போல் இருந்தது.

அவளும் சபரீசனும் திரை முன்னால் உட்கார்ந்து காத்திருந்தார்கள். நேரம் நகரவே மாட்டேன் என்றது. வெளியே மஞ்சு விலகி, மறுபடி மூடி, மறுபடி விலகியது. கடைசியில் அவளுடைய புள்ளி மங்கியது. அப்புறம் அணைந்தது.

"போயிருச்சுங்க!" சபரீசன் கையைத் தட்டினான்.

"சரி சார்," என்றாள் கிருபாவதி, மறுபடி டைரக்டரைக் கூப்பிட்டு. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அப்படிச் சொன்னபோது அவளுக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை. தன் பிள்ளை பிழைத்தது என்ற நிம்மதியில் மலை, தேயிலை, திங்கட்கிழமை எல்லாமே ரொம்பத் தூரத்தில் இருந்தன. அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்று பிறகு அவள் தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். தேறவில்லை.

சபரீசன்தான் மறுபடி ஆரம்பித்தான். அவனுக்கு ஒன்று உறுத்தினால் சாப்பாடு இறங்காது.

"மேடம், ஒரு சந்தேகங்க. நீங்க நடக்கறப்ப உங்க புள்ளி திரையில வரலை. ஆஸ்பத்திரியில உட்கார்ந்திருந்தப்ப வந்துச்சு, இங்க உட்கார்ந்திருந்தப்ப வந்துச்சு. வேலிக்குப் போயி ரொம்ப நேரம் நின்னீங்க, அப்புறம்தான் வந்துச்சு. ஏன்னா நான் அப்படித்தான் எழுதி வச்சிருக்கேன். நகர்ற புள்ளியெல்லாம் மூக்கோட பிழைன்னு தள்ளிடும். செடி நகராதுல்லங்க?"

"அதனால?"

"அந்த விதியை எடுத்துட்டா என்ன வரும்னு பார்க்கலாமா?"

அவன் எடுத்தான். கரடிச்சோலைக்குக் கீழே லயத்து வீடுகள் இருக்கும் சரிவில் ஒரு புள்ளி முளைத்தது. இன்னொன்று. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒன்று, மெதுவாக மேடு ஏறிக்கொண்டிருந்தது. தோட்டத்துக்குள் இரண்டு, பக்கத்துப் பக்கத்தில், கொழுந்து கிள்ளும் வரிசையில் நகர்வதுபோல.

"இலையைக் குடிக்கிற ஒரே ஆள் நீங்கன்னு சார் சொன்னாரே," என்றான் சபரீசன்.

போன மாதம் டாக்டர் ஜெயசீலி கிருபாவதியின் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "அட, நல்லா இருக்கே கிருபா! என் பேஷண்ட்ஸ் எல்லாம் ரத்தமே இல்லாம டீயா குடிச்சுத் தள்றாங்க. நிறுத்துன்னா கேக்க மாட்டேங்கறாங்க. இதைக் கொஞ்சம் கொண்டுவந்து குடேன், அவங்களை ஏமாத்திடலாம்," என்றாள். கிருபாவதி சந்தோஷமாக ஒரு மூட்டை காயவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கர்ப்பிணிகளுக்கு மட்டும். டாக்டர் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு வயிறு.

சொல்ல மாட்டேன் என்று டைரக்டரிடம் சொன்னதை மறந்து அவள் ஜீப்புக்கு ஓடினாள். ஓடக்கூடாது என்று யாரும் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் ஓடினாள். சபரீசன் கேன்டீனிலிருந்த பெரிய டீ பிளாஸ்க்கை அப்படியே தூக்கிவந்தான். போகிற வழியில் டாக்டர் ஜெயசீலிக்குப் போன் போட்டாள். ஆபரேஷனில் இருப்பதாக நர்ஸ் சொன்னாள். நர்ஸிடமே சொன்னாள்: "அந்த இலையை வாங்கின எல்லாரையும் டீ குடிக்கச் சொல்லுங்க. இப்பவே. ரெண்டு கிளாஸ்." எதற்கு என்று நர்ஸ் கேட்டாள். "சொல்றேன். முதல்ல குடிக்கச் சொல்லுங்க."

சோலைக்குப் பக்கத்தில் இருக்கும் லயம்தான் முதலில். வளைவுகளில் ஜீப் குலுங்கியது. கிருபாவதி ஒரு கையால் கம்பியையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டிருந்தாள். மடியில் டேப்லெட். சரிவில் இருந்த அந்த முதல் புள்ளியை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை. லயத்துக்குத் திரும்பும் இடத்தில் அது மங்கியது. அப்புறம் அணைந்தது.

"நர்ஸ் போன் பண்ணிட்டாங்க போலிருக்கு. டீ குடிச்சிருச்சு அந்தப் பொண்ணு," என்றாள். அவளுக்கு மூச்சு வந்தது.

சபரீசன் வண்டியை நிறுத்தினான்.

லயத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமே இருக்கவில்லை. வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள். உள்ளே பாயில் சுவரோடு சாய்ந்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முத்துச்செல்வி, ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய முகம்தான். கொழுந்து கிள்ளுகிறவள். நேற்றுகூட, ஆம்பளப் பிள்ளையா பொம்பளப் பிள்ளையா என்று பந்தயம் கட்டிச் சிரித்தாள். இன்று அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை.

"காலையிலேர்ந்து அசைவே இல்லைன்னு சொல்லிக்கிட்டே வீட்டுக்கும் வாசலுக்குமா நடந்துக்கிட்டு இருந்துச்சும்மா," என்றாள் வாசலில் நின்ற ஒருத்தி, கிருபாவதியின் காதோடு. "சித்த முன்னால வலி எடுத்து... எல்லாம் முடிஞ்சுருச்சு. ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லியிருக்கு. இன்னும் வரலை."

புள்ளி அணைந்தால் குருத்து செத்துவிட்டது என்று அர்த்தம். அதுதானே கணக்கு. காலையில் திரை முன்னால் நின்று அதைக் கேட்டுவிட்டு அவள் சிரித்தது ஞாபகம் வந்தது.

உடனே இன்னொன்று ஞாபகம் வந்தது. அது வந்ததும் நிற்க முடியாமல் அப்படியே பாயோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய புள்ளியும் அணைந்துதான் போயிற்று. பூச்சி கசப்பை மோந்து விட்டுப் போனதாலா, வேலை முடிந்து போனதாலா? திரைக்கு இரண்டும் ஒன்றுதான். வேலியோரம் நின்றபோது ஒரு உதை. அதற்குப் பிறகு? டீ குடித்தபோது? ஜீப்பில் அத்தனை குலுக்கலில்? எவ்வளவு யோசித்தும் ஒரு உதைகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

வயிற்றை அழுத்திப் பார்த்தாள். பக்கவாட்டில் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கல்போல் இருந்தது.

"என்னம்மா?" என்று கேட்டது முத்துச்செல்விதான். "வெளுத்துப் போயிட்டீங்க. அசையலையா?"

கிருபாவதி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

முத்துச்செல்வி சுவரை விட்டு நகர்ந்து வந்தாள். நகரவே கூடாத உடம்பு. பெண்கள் தடுத்தார்கள், கேட்கவில்லை. கிருபாவதியின் கையை விலக்கிவிட்டுத் தன் கையை வைத்தாள். காலமெல்லாம் கொழுந்து கிள்ளிக் கறை ஏறிய விரல்கள். காது கொடுப்பதுபோல் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, அசையாமல் இருந்தாள். அந்தக் கையைத் தள்ளிவிடவும் கிருபாவதிக்குத் தைரியம் இல்லை, பிடித்துக்கொள்ளவும் தைரியம் இல்லை.

"இந்தா இருக்கு," என்றாள் முத்துச்செல்வி. "சும்மா தூங்குது. பாருங்க... உதைக்குது பாருங்க. நல்லா உதைக்குது."

உதைத்தது. இரண்டு பேருக்கும் தெரிகிறமாதிரி உதைத்தது.

முத்துச்செல்வியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளாமலே பின்னால் கையை நீட்டி, அடுப்புத் திட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். பால்மாவு டப்பா. பாதி இருந்தது.

"எனக்கு இனி எதுக்கு? நீங்க வச்சுக்குங்கம்மா. ஆஸ்பத்திரியில குடுத்த இலை. டீயெல்லாம் குடிச்சிராதீங்க, புள்ளைக்கு ஆகாதாம். இதைக் குடிங்க, இது நல்லது. நான் ஒரு நாள் தவறாமக் குடிச்சேன், எம் புள்ளைக்குத்தான் குடுத்து வைக்கல."

கிருபாவதி டப்பாவை வாங்கிக்கொண்டாள். மூடியைத் திறக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. அந்த இனிப்பு மணம் மூடிக்குள்ளிருந்தே வந்தது. வாசலில் சபரீசன் பிளாஸ்க்கோடு நின்றிருந்தான். அவன் கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"டைரக்டருங்க மேடம். நர்ஸ்கிட்ட நீங்க ஏதோ சொன்னீங்களாமே, என்னன்னு கேக்கறார்."

"லைன்லயே வச்சிரு. அவரும் கேக்கட்டும்," என்றாள் கிருபாவதி. பிறகு முத்துச்செல்வியின் கையை, கறை ஏறிய அந்தக் கையை, எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"முத்துச்செல்வி, இந்த இலையைக் குடுத்தது நான். அந்தப் பூச்சிக்கு வழி சொன்னதும் நான்."